அம்மாவின் முறை

அந்த வீட்டில் ஒரு பற்பசைக் குழாய் அவ்வளவு சுலபமாக உயிரை விட முடியாது. முதலில் விரலால் அழுத்துவார்கள். பிறகு கதவிடுக்கில் வைத்து நசுக்குவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அப்பா கத்தரிக்கோலுடன் வருவார். குழாயை நடுவில் வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்து, நான்கு பேரும் இன்னும் மூன்று நாள் பல் தேய்ப்பார்கள்.

சோப்பும் அப்படித்தான். தேய்ந்து தேய்ந்து தகடாகிப்போன பழைய சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள் அம்மா. சாயங்காலம் ஆனால் ஒரே ஓர் அறையில்தான் விளக்கு எரியும். படிப்பு, தையல், காய் நறுக்குவது, சண்டை எல்லாம் அந்த ஒரு விளக்கின் அடியில்தான். யாராவது மின்விசிறியை நிறுத்தாமல் அறையை விட்டு வெளியே வந்தால் போச்சு.

"யாருக்கு அந்தக் காத்து? சுவத்துக்கா வேர்க்குது?" என்று அம்மாவின் குரல் கேட்கும்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வீடுதான். வங்கியில் கடன் வாங்கித்தான் அதை வாங்கியிருந்தார்கள். எட்டு வருஷக் கடன். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி தவணை கட்டியாக வேண்டும். அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அம்மாவுக்குச் செருப்புக் கடையில் வேலை. வந்தவர் காலுக்கெல்லாம் புதுச் செருப்பு மாட்டிவிடுகிற அம்மாவின் காலில் இருந்தது மூன்று இடத்தில் தைத்த செருப்பு. கடை முதலாளிக்குத் தெரியாமல் இருக்க, கல்லாப் பக்கம் போகும்போது மட்டும் அம்மா காலை இழுத்து மறைத்துக்கொள்வாளாம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவனுக்குப் பதினான்கு வயது. தூங்கி எழுந்தால் ஒரு விரற்கடை வளர்ந்திருப்பான். அம்மா அவன் கால்சட்டையின் மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து, இனி அவிழ்க்க மடிப்பே இல்லை என்ற நிலைமை. எல்லோரும் அவனை நெட்டை என்பார்கள். சின்னவளுக்குப் பத்து வயது. பெயர் வாண்டு. உருவம் சின்னது, வாய் பெரியது. நம் கதை அவளைப் பற்றியதுதான்.

இவ்வளவு சிக்கனத்துக்கும் நடுவில் அந்த வீட்டில் மாதம் ஒருநாள் கொண்டாட்டம் உண்டு. ஐந்தாம் தேதி தவணையைக் கட்டிவிட்டு வந்ததும், மூலைப் பேக்கரியிலிருந்து ஓர் இனிப்பு வாங்குவார்கள். ஒன்றே ஒன்று. அதை நான்காக வெட்டிச் சாப்பிடுவார்கள். என்ன வாங்குவது என்று சொல்லும் உரிமை மாதம் ஒருவருக்கு. முதலில் அப்பா, அடுத்த மாதம் அம்மா, பிறகு நெட்டை, கடைசியில் வாண்டு, மறுபடியும் அப்பா. இதற்குப் பெயர் 'முறை'. முறை யாருடையதோ அவர்தான் டப்பாவில் ஒட்டிய கிரீமை வழித்துத் தின்னலாம். அதில் பங்கு கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

முறைப் பட்டியலை அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கூடத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். பழைய தாளைக் கிழித்தால் கதவின் வர்ணம் உரிந்துவிடும் என்று, ஒவ்வொரு வருஷமும் அதன் மேலேயே புதுத் தாளை ஒட்டிவிடுவாள். எட்டு வருஷத்தில் அது அட்டை போலத் தடித்துப் போயிருந்தது.

அன்றைக்கு ஐந்தாம் தேதி. காலையிலேயே வாண்டு அலமாரியைத் திறந்து பார்த்தாள். முறை அம்மாவுடையது.

அடுப்படியில் அம்மா நான்கு பேருக்கும் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். வாண்டு மெல்லப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன, காலங்காத்தால பாசம் பொங்குது?" என்றாள் அம்மா.

"அம்மா, பேக்கரியில புதுசா ஒரு சாக்லேட் கேக் வந்திருக்கு. மேல மூணு செர்ரி வெச்சிருக்காங்க."

"பார்த்தேன், பார்த்தேன்."

"இன்னிக்கு உன் முறை."

"அதையும் பார்த்தேன்."

"உன் முறையை எனக்குக் குடேன். இன்னும் ரெண்டே தவணைதானே இருக்கு? அடுத்த மாசம் அண்ணன். அதுக்கு அடுத்தது நான். அதுதான் கடைசி. அதை நீ எடுத்துக்கோ. கடைசி முறைம்மா! பெரிய முறை!"

கூடத்தில் காலணியைத் துடைத்துக்கொண்டிருந்த நெட்டை சிரித்தான். "வாண்டு குடுக்கற வாக்கா? அதைத் தண்ணியிலதான் எழுதி வைக்கணும்."

"உன்கிட்ட கேட்டேனா? நீ உன் வேலையைப் பாரு!"

"சரி, சரி, சண்டை வேணாம். எடுத்துக்கோ," என்றாள் அம்மா. "எனக்கு எதுவானா என்ன?"

வாண்டு ஒரே ஓட்டமாக ஓடி, பென்சிலை எடுத்து, 'அம்மா' என்ற எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'வாண்டு' என்று எழுதினாள். பள்ளிக்கூடத்தில் அன்று அவளுக்கு மூன்று வகுப்பு முழுக்கச் செர்ரிதான்.

சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டார். சட்டையில் எண்ணெய்க் கறை. கையில் ஒரு பெரிய உறை. முகத்தைப் பார்த்தால் அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை.

"என்னங்க? என்ன ஆச்சு?" என்று அம்மா பதறினாள். அவளும் அப்போதுதான் கடையிலிருந்து வந்து, காலைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தாள்.

"முடிஞ்சுபோச்சு," என்றார் அப்பா.

"என்ன முடிஞ்சுபோச்சு?"

"கடன். ரெண்டு வருஷமா கம்பெனி பாக்கி வெச்சிருந்த ராத்திரி வேலைக் காசு நேத்து வந்துச்சு. உங்ககிட்ட சொல்லாம இருந்தேன். இன்னிக்கு நேரா வங்கிக்குப் போய், இந்த மாசத்தோட மிச்ச ரெண்டு தவணையையும் சேர்த்துக் கட்டிட்டேன். இந்தா, வீட்டுப் பத்திரம்."

அம்மா ஈரக் காலோடு எழுந்து நின்றாள். உறையை வாங்கிக்கொள்ளவில்லை. கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

"இனிமே இந்தக் கதவு, ஜன்னல், ஒழுகற குழாய், எல்லாம் நம்ம சொத்து!" என்று அப்பா கைகளை விரித்தார். "இன்னிக்கு ஒருநாள் எல்லா விளக்கும் எரியட்டும்!"

நெட்டை ஓடிப்போய் ஒவ்வோர் அறையிலும் விளக்கைப் போட்டான். அம்மா அவன் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். எட்டு வருஷப் பழக்கம், ஒரு நாளில் போய்விடுமா? தானே அதைக் கவனித்துவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீடே சிரித்தது.

வாண்டுவும் சிரித்தாள், குதித்தாள், அப்பாவின் தோளில் ஏறினாள். அப்பாவும் அம்மாவும் தேநீர் போட அடுப்படிக்குப் போனார்கள்.

அப்போது நெட்டை, "இனிமே முறைப் பட்டியல் எதுக்கு? தவணையே இல்லையே. கிழிச்சுடலாமா?" என்றான்.

"நான்தான் கிழிப்பேன்!" என்று வாண்டு முந்திக்கொண்டாள்.

அலமாரியைத் திறந்து, தாளின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தாள். எட்டு வருஷத் தாளும் ஒன்றாகச் சேர்ந்து 'சடக்' என்று பெயர்ந்து வந்தது. அம்மா பயந்த மாதிரியே கொஞ்சம் வர்ணமும் கூடவே வந்தது. பசை காய்ந்து போயிருந்ததால், தாள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது சுலபமாக இருந்தது. வேடிக்கையாகத்தான் பிரித்தாள்.

மேல் தாளில், 'அம்மா' என்ற அம்மாவின் குண்டுக் கையெழுத்து. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'வாண்டு'. அது காலையில் போட்டது. அதற்கு மேலே, நான்கு மாதத்துக்கு முன்னால், மறுபடியும் 'அம்மா', கோடு, 'வாண்டு'. அதற்கும் மேலே அதே.

போன வருஷத் தாளைப் பார்த்தாள். கோடு, கோடு, கோடு. அதற்கு முந்தைய வருஷத்திலும் அப்படித்தான். எழுத்துதான் வயதுக்குத் தகுந்தபடி கோணலாகிக்கொண்டே போனது. ஆறு வயதில் எழுதிய 'வாண்டு'வில் ஒரு எழுத்து தலைகீழாக நின்றது.

"ஹா! இதைப் பாரு!" என்று நெட்டை சிரித்தான். பிறகு பழைய தாள்களில் தன் பெயரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். அந்த வருஷங்களில் அம்மாவின் பெயரை அடித்துவிட்டு எழுதியிருந்தது 'நெட்டை'.

இருவரும் தரையில் உட்கார்ந்து எண்ணினார்கள். எட்டு வருஷத்தில் அம்மாவுக்கு இருபத்துநாலு முறை வந்திருந்தது. நெட்டை எடுத்துக்கொண்டது ஒன்பது. வாண்டு எடுத்துக்கொண்டது பதினாலு.

"ஒண்ணு குறையுது," என்றாள் வாண்டு.

அந்த ஒன்று எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தாளில் இருந்தது. முதல் வருஷம், இரண்டாவது மாதம். அங்கே மட்டும் கோடு இல்லை. 'அம்மா - எலுமிச்சை கேக்' என்று எழுதியிருந்தது.

"எலுமிச்சையில கேக்கா?" என்றாள் வாண்டு.

நெட்டை தலையைச் சொறிந்தான். "எனக்கு ஞாபகம் இருக்கு. புளிப்புன்னா அப்படி ஒரு புளிப்பு. நான் மருந்து மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளிட்டேன். உனக்கு அப்போ ரெண்டு வயசு. நீ துப்பிட்டு, ஊரைக் கூட்டற மாதிரி கத்தினே. அப்பாவுக்கு மூஞ்சி அஷ்டகோணலாப் போச்சு."

"அம்மா என்ன செஞ்சா?"

"அம்மா ஒண்ணுமே சொல்லல. எல்லார் தட்டுல இருந்ததையும் எடுத்து ஒரு டப்பாவுல போட்டு மூடிட்டா. அப்புறம் எனக்கு ஒரு பிஸ்கட் குடுத்தா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவ முறை வந்தாலே, உனக்கு என்ன வேணும்னு என்னைக் கேப்பா. நானும் சொல்லிடுவேன். நீ வளர்ந்த பிறகு, நீயே போய்க் கேட்டு வாங்கிக்க ஆரம்பிச்சுட்டே." நெட்டை தன் நீளமான கால்களைக் கட்டிக்கொண்டான். "நான் நினைச்சேன், அம்மாவுக்கு இனிப்பே பிடிக்காது போலன்னு."

வாண்டுவுக்கும் அப்படித்தான் ஒரு நினைப்பு இருந்தது. இல்லை, அதுகூட உண்மையில்லை. அவள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. காலையில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கெஞ்சியது ஞாபகம் வந்தது. கடைசி முறையை உனக்குத் தருகிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னது ஞாபகம் வந்தது. கடைசி முறை இன்றைக்குத்தான். அது அம்மாவுடையது. அதையும் பிடுங்கிக்கொண்டாகிவிட்டது. இனி திருப்பிக் கொடுக்க அவளிடம் முறையே இல்லை. வாண்டுவுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது, கண்ணில் நீர் முட்டியது.

தாளைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மா, நீயே சொல்லு. இன்னிக்கு என்ன வாங்கலாம்?"

"செர்ரி வெச்ச கேக்னு காலையிலேயே சொல்லிட்டியே?"

"அது எனக்கு. உனக்கு என்ன வேணும்?"

"எனக்கென்ன, நீங்க சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரி. போ, போ, நேரமானா அது வித்துப்போயிடும்," என்று அம்மா அவள் கையில் பணத்தை வைத்து அழுத்தினாள்.

மூலைப் பேக்கரியில் நல்ல கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சாக்லேட் கேக் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மூன்று செர்ரியும் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று மின்னின. வாண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் பெரிய உடம்புக்காரர். புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். "வாம்மா, அஞ்சாம் தேதி பாப்பா! செர்ரி கேக்தானே? நேத்து மூக்கைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நின்னியே, பார்த்தேன்," என்றார்.

"எலுமிச்சை கேக் இருக்கா மாமா?"

"எலுமிச்சையா? அதை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சே. யாரு கேக்கறா?"

"எங்கம்மா கேப்பாங்க."

"உங்கம்மா கேட்டதே இல்லையே!"

"அவங்களுக்குக் கேக்கவே முறை கிடைக்கல மாமா. நான் எடுத்துக்கிட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாண்டு சொல்ல ஆரம்பித்தாள். கடன், தவணை, முறை, கோடு, இருபத்துநாலு, ஒன்பது, பதினாலு என்று மூச்சு விடாமல் சொன்னாள். நடுவில் மூக்கையும் உறிஞ்சிக்கொண்டாள். பின்னால் வரிசை நீண்டது. குடை வைத்திருந்த ஓர் அம்மாள், "பாப்பா, நீ எதுவும் வாங்கலைன்னா கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு," என்று சொல்லி, கண்ணாடிக்குள் விரலை நீட்டினாள். "அந்தச் செர்ரி கேக்கைக் குடுங்க."

வாண்டு ஒதுங்கி நின்றாள். கேக் டப்பாவுக்குள் போவதைப் பார்த்தாள். டப்பாவுக்கு நூல் கட்டுவதையும் பார்த்தாள். குடைக்கார அம்மாள் அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் போய் மறையும் வரைக்கும் பார்த்தாள். நம் வாண்டு அன்னை தெரசாவெல்லாம் இல்லை, நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

கூட்டம் குறைந்ததும் பேக்கரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "இப்ப சொல்லு. இன்னிக்கே வேணுமா?"

"இன்னிக்குத்தான் கடைசி முறை."

"இன்னிக்கு அடுப்பை அணைச்சாச்சு. எலுமிச்சம்பழமும் இல்லை. நாளைக்குச் சாயங்காலம்னா ஒண்ணே ஒண்ணு போட்டுத் தரேன். சின்னதா. ஆனா பணத்தை இப்பவே குடுத்துடு. நான் போட்டு வெச்சு, நீ வரலைன்னா அதை நான்தான் தின்னணும். எனக்குப் புளிப்பு ஆகவே ஆகாது."

வாண்டு பணத்தைக் கொடுத்தாள். வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

கூடத்தில் நான்கு தட்டும் கத்தியும் தயாராக இருந்தன. மூவரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள்.

"கேக் எங்கே?" என்றான் நெட்டை.

"இல்ல."

"தீர்ந்துபோச்சா? வேற ஏதாவது வாங்கிட்டு வர வேண்டியதுதானே? பணம் எங்கே?"

"பணமும் இல்ல."

"தொலைச்சிட்டியா? இன்னிக்குப் போயா தொலைப்பே? எட்டு வருஷமா காத்திருந்து..."

"இருடா," என்றார் அப்பா. "என்னம்மா ஆச்சு?"

வழி நெடுக எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தாள் வாண்டு. யோசித்தது எல்லாம் மறந்துவிட்டது.

"இன்னிக்கு முறை அம்மாவோடது. நான் கெஞ்சி வாங்கினேன். பதினாலு தடவை அப்படி வாங்கியிருக்கேன், ஒரு தடவைகூடத் திருப்பித் தரல. எலுமிச்சை கேக் நாளைக்குத்தான் கிடைக்குமாம், பணம் குடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அம்மா அப்படியே நின்றாள். "எலுமிச்சை கேக்கா? அதை யாரு உனக்குச் சொன்னா?"

"பட்டியல்ல இருந்துச்சு. முதல் தாள்ல."

"அட அசடே, அதை நானே மறந்துட்டேனே. அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்று அம்மா அவள் முகத்தைத் துடைத்தாள். ஆனால் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. துடைத்து முடித்த பிறகும் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தரையைப் பார்த்தார். "அன்னிக்கு நானும் மூஞ்சியைச் சுளிச்சேன்," என்றார். "நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு துண்டு தின்னா செத்தா போயிருப்பேன்?"

எட்டு வருஷத்தில் இனிப்பு இல்லாத ஐந்தாம் தேதி அது ஒன்றுதான். கடன் தீர்ந்த நாளும் அதுதான். சோறும் குழம்பும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்துக்கொண்டார்கள். வாண்டுவுக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வாண்டு நேராகப் பேக்கரிக்கு ஓடினாள். பேக்கரிக்காரர் சொன்னபடியே செய்து வைத்திருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேக், வெளிர் மஞ்சள் நிறம், கிரீம் இல்லை, செர்ரி இல்லை. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லைதான். டப்பாவைத் திறந்தால் மட்டும் வாசனை மூக்கைத் துளைத்தது.

அம்மா கடையிலிருந்து வந்து, காலைச் சுடுதண்ணீரில் வைத்து உட்கார்ந்ததும், வாண்டு தட்டை அவள் மடியில் வைத்தாள். அம்மாவின் கை தானாகக் கத்தியைத் தேடிப் போனது.

"வெட்டாதே!" என்று வாண்டு கத்தியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "முழுசும் உனக்குத்தான்."

"முழுசா நான் தின்னா வயிறு என்ன ஆகும்?"

"அது உன் வயிறு, உன் பாடு," என்றான் நெட்டை. அன்றும் சீக்கிரமே வந்துவிட்ட அப்பாவோடு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"இப்படிச் சுத்தி உட்கார்ந்து வாயைப் பார்த்தா நான் எப்படித் திங்கறது? திரும்பிக்கோங்க!"

மூவரும் திரும்பிக்கொண்டார்கள். ஆனால் கேட்காமல் இருக்க முடியுமா? அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போடும் சத்தம் கேட்டது. மென்றாள். பிறகு "ஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம்.

வாண்டு சட்டென்று திரும்பினாள். அம்மா ஒரு கண்ணை இறுக மூடி, கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லா இருக்கு. அதே ருசி. பல்லுதான் கூசுது." அம்மா சிரிக்கப் பார்த்தாள். "நாக்கு அப்படியேதான் இருக்கு. எட்டு வருஷத்துல பல்லுக்கு வயசாயிடுச்சு போல."

அதைக் கேட்டதும் வாண்டுவுக்கு நேற்று அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று ஆகிவிட்டது. போன வருஷமே கேட்டிருந்தால் அம்மாவுக்குப் பல் கூசியிருக்குமா? அதற்கு முந்தைய வருஷம் கேட்டிருந்தால்? ஒரே ஒரு கோட்டைப் போடாமல் இருந்திருந்தால் போதுமே!

"நான் முன்னாடியே கேட்டிருக்கணும்மா."

அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "நானும்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். எனக்கு இது வேணும்னு சொன்னா நீங்க யாராவது வேணாம்னா சொல்லியிருப்பீங்க?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எவ்வளவு வருஷம் போச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் இன்னொரு துண்டைப் பிட்டாள். "ஸ்ஸ்ஸ்" என்றாள். அடுத்த துண்டை இடப்பக்கத்துப் பல்லால் மெல்லாமல் வலப்பக்கத்துக்குத் தள்ளினாள். அதற்கும் அடுத்த துண்டுக்கு முன்னால் ஒரு வாய் தேநீர் குடித்தாள். கால்மணி நேரத்தில், துண்டு துண்டாக, கண்ணை மூடி மூடி, முழுக் கேக்கையும் தின்று முடித்துவிட்டாள். யாருக்கும் ஒரு பொட்டுகூடக் கொடுக்கவில்லை. தட்டில் கிடந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அப்பாவே வாயடைத்துப் போனார்.

வாண்டு எழுந்துபோய் ஒரு காலண்டர் தாளைக் கொண்டுவந்தாள். பின்பக்கத்தில் கோடு போட்டு, மாதம் மாதமாகப் பெயர் எழுத ஆரம்பித்தாள். நெட்டை எட்டிப் பார்த்தான். முதல் வரியில் 'அம்மா'. இரண்டாவது வரியில் 'அம்மா'. மூன்றாவது வரியிலும் 'அம்மா'.

"என்னடி இது? கடன்தான் முடிஞ்சுபோச்சே?" என்றாள் அம்மா.

"உங்க கடன்தான் முடிஞ்சுது. எங்களோடது அப்படியே இருக்கு. என்னோடது பதினாலு, அண்ணனோடது ஒன்பது."

"என்னோடது பதிமூணுன்னு வெச்சுக்கோ, வட்டியோட சேர்த்து," என்றான் நெட்டை. எப்போதும் சண்டைக்கு வருகிறவன், அன்றைக்கு வரவில்லை.

"எல்லா அஞ்சாம் தேதியும் நீதான் சொல்லணும். நாங்க கேட்டாலும் குடுக்கக்கூடாது. நான் இடுப்பைக் கட்டிக்கிட்டுக் கெஞ்சினாலும் குடுக்கக்கூடாது," என்று வாண்டு பென்சிலை அம்மாவின் கையில் வைத்தாள். "அடுத்த மாசத்துக்கு என்ன வேணும்னு இப்பவே எழுது."

அம்மா பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஏதோ எழுதினாள், அழித்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சுடுதண்ணீர் ஆறிப்போனது. அடுப்பில் வைத்த உலை கொதித்தது. அப்பா தானே எழுந்துபோய் அரிசியைக் களைந்து போட்டார்.

கடைசியில் அம்மா குனிந்து கடகடவென்று எழுதினாள். எழுதி முடித்ததும், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாத சின்னப் பெண்ணைப் போல, அதைக் கையால் மூடிக்கொண்டாள். எட்டிப் பார்க்க வந்த நெட்டையின் தலையில் நங்கென்று ஒரு குட்டு விழுந்தது.